கணினி முன் அமரும் நம் பிள்ளைகள்

(அறக்கட்டளையின் மாதாந்திரக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பள்ளிவாசலில் சுவரோரம் போட்டிருக்கும் நாற்காலிகளில் பத்து வருஷத்துக்கு முன்பு யார் உட்கார்ந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முழங்கால் தேய்ந்த பெரியவர்கள், ஆபரேஷன் முடித்து வந்தவர்கள். இப்போது ஜும்ஆவில் திரும்பிப் பார்த்தால் முப்பது வயதைத் தொடாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் அதில் இருக்கிறார்கள். "சோம்பேறித்தனம் பாய், வேறென்ன" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். அப்படிச் சொல்லாதீர்கள். நோயாளியாக இருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தது புகாரியில் பதிவாகியிருக்கிறது. சலுகையைப் பற்றி எனக்குக் கேள்வி இல்லை. இருபத்தெட்டு வயதில் அது ஏன் தேவைப்படுகிறது என்பதுதான் கவலை.

நம் ஊரின் பிழைப்பு மாறிவிட்டது. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் வந்தபோது நம் பிள்ளைகள் அங்கே இயந்திரங்களின் முன் நின்றார்கள். 2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. பிறகு சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஓ.எம்.ஆர். முழுக்கக் கம்பெனிகள். இன்று சேலையூரிலும் பெருங்களத்தூரிலும் மேடவாக்கத்திலும் வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது கணினி முன் உட்கார்ந்து சம்பாதிக்கிறது. அல்ஹம்துலில்லாஹ், அந்தச் சம்பளத்தில்தான் பல வீடுகள் கரை சேர்ந்தன. ஆனால் அந்தப் பிள்ளை எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில், போக வர இரண்டு மணி நேரம் கேபிலோ பைக்கிலோ, வீட்டுக்கு வந்து சோபாவில் போனோடு இன்னும் இரண்டு மணி நேரம் என்று உட்கார்ந்தே இருக்கிறது.

மருத்துவ உதவி கேட்டு நமக்கு வரும் மனுக்களை நான்தான் முதலில் படிக்கிறேன். டயாலிசிஸ், இருதயம், பிரசவம் இவைதான் வழக்கம். சமீப காலமாகக் கழுத்து, முதுகு, மணிக்கட்டு என்று எழுதி வருகிறார்கள். ஒரு பிள்ளைக்குக் கை மரத்துப்போனது. எட்டு மாதம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார். கடைசியில் சம்பளமில்லா விடுப்பு. அவர் நம்மிடம் வலிக்காக வரவில்லை, வீட்டுக்கடன் தவணைக்காக வந்தார். இரண்டு மாதத் தவணை கொடுத்தோம். அவருக்குத் தேவைப்பட்டதோ ஆறு மாதத்துக்கு முன்பே ஒரு பிசியோதெரபிஸ்ட்.

இது கணினியோடு பிறந்த நோய் என்று நினைக்காதீர்கள். இத்தாலிய மருத்துவர் ரமாஸினி 1713-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுத்தர்களின் நோயைப் பற்றி எழுதிவிட்டார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கையின் ஒரே அசைவு, பிழை வரக்கூடாதே என்ற மன அழுத்தம், இந்த மூன்றும்தான் காரணம் என்றார். மூன்றும் இன்றும் அப்படியே இருக்கின்றன. எழுதுகோலுக்குப் பதில் மவுஸ், அவ்வளவுதான். நம் திருவல்லிக்கேணியில் 1927 முதல் வரும் 'முஸல்மான்' உருதுப் பத்திரிகையைக் கையால் எழுதிய காதிப்கள் ஒரு பக்கத்துக்கு மணிக்கணக்கில் குனிந்திருந்தவர்கள். ஆனாலும் பக்கம் முடிந்தால் எழுந்தார்கள். கணினியில் பக்கம் முடிவதே இல்லை.

நம் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ. நேராக இருக்கும்வரை எலும்பு அதைத் தாங்கும். தலை முன்னால் சாயச் சாயக் கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தின் மேல் விழும் சுமை 27 கிலோவுக்குச் சமம் என்று அமெரிக்க மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார். ஒரு மூட்டை அரிசியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு வாட்ஸ்அப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பில் ஒரு சிக்கல் உண்டு. திரையும் கீபோர்டும் ஒட்டியிருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும். கண்ணுக்கு வசதியாக வைத்தால் தோள் தூக்கிக்கொள்ளும். ஆகவே நாலு தடிமனான புத்தகங்களை அடுக்கி (கிதாபுகளை அல்ல, பழைய காலேஜ் புத்தகங்களை) அதன்மேல் லேப்டாப்பை வையுங்கள். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வரட்டும், ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். தனியாக ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். ஸ்கேன் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை. முழங்கை உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும், மணிக்கட்டு மடங்கக்கூடாது. பாதம் தரையில் படவேண்டும்; படாவிட்டால் ஒரு பலகை. இடுப்பு வளைவுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு போதும். இருபதாயிரம் ரூபாய் நாற்காலியில் அசையாமல் உட்காருபவனைவிட, மர நாற்காலியில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பவன் நன்றாக இருப்பான்.

இங்கே தொழுகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழுகை உடற்பயிற்சி அல்ல, இபாதத். முதுகு வலிக்கு மருந்து என்று அதை விளம்பரம் செய்வது எனக்குப் பிடிக்காது. ஆனால் லுஹருக்கும் அஸருக்கும் எழுந்து, நடந்து, ஒளூ செய்பவருக்கு இரண்டு இடைவெளி தானாகக் கிடைக்கிறது. மீட்டிங் என்று களாச் செய்பவர் அந்த இரண்டையும் இழக்கிறார்.

வலி வந்துவிட்டால் வாரக்கணக்கில் படுத்துக்கிடக்கச் சொல்வது பழைய வைத்தியம். தாங்கும் அளவுக்கு நடமாடுவதே நல்லது என்பது இன்றைய மருத்துவம். வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் குடல் புண்ணும் கிட்னிக் கோளாறும் வரும். ஸ்கேனில் 'டிஸ்க் பல்ஜ்' என்று எழுதியிருந்தால் பதறாதீர்கள். வலியே இல்லாத பலருக்கும் அப்படித் தெரியும். அந்த ஒரு வரிக்காகப் பிள்ளையின் சம்பந்தத்தைத் தள்ளிப்போடும் பெற்றோரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் கை கால் பலம் குறைந்தாலோ, மரத்துப்போவது கூடினாலோ, காய்ச்சலோடு வலி இருந்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போனால் அன்று இரவே அவசர சிகிச்சைக்கு. காசு ஒரு தடை என்றால் அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வருகிறார்கள்.

நிற்பவர்களையும் மறக்கக்கூடாது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் நம் பிள்ளைகளுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. கடை வைத்திருக்கும் நம் பாய்மார்கள் இதைத் தங்கள் கடையிலிருந்து தொடங்கலாமே?

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 2020-க்குப் பிறகு பல மருமகள்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். கட்டிலில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப், பக்கத்தில் குழந்தை. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மேஜையும், கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடமும் அவருடைய ஹக்.

ஸகாத் பணத்தில் மேஜை நாற்காலி வாங்கித் தரலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதை உலமாக்களிடம் விட்டுவிட்டோம்; இப்போதைக்குப் பொது நிதியிலிருந்து பத்து கீபோர்டுகள் வாங்கியிருக்கிறோம், தேவைப்படுவோர் கடனாக எடுத்துப் போகலாம். அடுத்த மாதம் முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு ஒரு பிசியோதெரபிஸ்ட் இதே அரங்குக்கு வருகிறார், இன்ஷா அல்லாஹ். பெண்களுக்கு மாடியில் தனியாக ஒரு சகோதரி பார்ப்பார். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எப்படி உட்காருகிறீர்கள் என்று பக்கவாட்டிலிருந்து ஒரு போட்டோ எடுத்து வாருங்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். பெயரை அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிவைத்தால் காத்திருக்க வேண்டியதில்லை.