விறகு தந்த மின்சாரம்

பெங்களூரில் நம் ஒக்கலிபுரத்திலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் இந்திய அறிவியல் கழகம். கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்கென்றே 1974-இல் பேராசிரியர் அமூல்ய ரெட்டி அங்கே 'அஸ்த்ரா' என்ற மையத்தைத் தொடங்கினார். அந்த வழியில் வந்த முயற்சிதான் துமகூரு மாவட்டத்து ஹொசஹள்ளி. அப்போது மின்கம்பி எட்டாத சிற்றூர். சுமார் முப்பத்தைந்து வீடுகள் இருந்தன. 1988-இல் அங்கே விளக்கு எரிந்தது, விறகால்!

அடுப்பில் எரிப்பதுபோல அல்ல. காற்றைக் குறைத்துக் கொடுத்தால் கட்டை முழுதாக எரியாமல், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவாகிறது. அதைக் குளிர வைத்து, தாரும் தூசியும் நீக்கி, மின்சாரம் தரும் டீசல் எஞ்சினுக்குள் செலுத்தினால் டீசல் பெருமளவு மிச்சம்.

விறகுக்காகக் காட்டை வெட்டவில்லை. ஊருக்கருகே மரம் நட்டு வளர்த்தார்கள். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. விளக்கோடு நிற்காமல் குடிநீர் பம்பும் மாவு மில்லும் அதே மின்சாரத்தில் ஓடின. இயந்திரத்தைக் கவனித்துக்கொண்டவர்களும் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்களே. தொலைதூர மலையூர்களுக்குத் திட்டம் போடுகிறவர்கள் ஹொசஹள்ளியின் கணக்கை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும்.