கனவிலே விழித்திருத்தல்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்சு தேசத்தில் ஏர்வே த சென் தெனி என்னும் பிரபு ஒருவர் வாழ்ந்தார். சீனமொழிப் பேராசிரியர். சிறு பிராயந் தொட்டே தாம் கண்ட கனவுகளை நாள்தோறும் குறித்து வைத்தவர். அவரை ஒரு கனவு மீண்டும் மீண்டும் வாட்டியது. கோர உருவங்கள் துரத்திவர, அறை அறையாகக் கதவுகளைத் திறந்துகொண்டு அவர் ஓடுவார். ஒருமுறை, "இது கனவல்லவா!" என்னும் நினைவு அந்த ஓட்டத்தின் நடுவிலே உதித்தது. சுவரிலே முதுகைச் சாய்த்து நின்று, துரத்திவந்த பூதத்தை உற்று நோக்கினார். பார்க்கப் பார்க்க அது பயங்கரத்தை இழந்து மறைந்தது. கனவுகளை நடத்தும் வழிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1867இல் வெளிவந்தது.

இத்தகைய அனுபவத்துக்குத் 'தெளிந்த கனவு' எனப் பொருள்படும் பெயரை 1913இல் வழங்கியவர் ஒல்லாந்து வைத்தியர் வான் ஈடன். ஆயினும் அறிஞர் பலர் இதை நம்பினாரல்லர். உறங்குபவனுக்கு அறிவேது என்பது அவர்கள் வினா. விடை உறக்கத்திலேயே இருந்தது. கனவு மிகுந்த நித்திரையிலே உடற்றசைகள் தளர்ந்து கிடக்கும். கண்கள் மாத்திரம் மூடிய இமைகளுக்குள் விரைந்து அசையும். 1975இல் இங்கிலாந்திலுள்ள ஹல் சர்வகலாசாலையில் அலன் வேர்ஸ்லி என்பவர், முன்னர்ப் பேசிக்கொண்டபடியே, கனவினுள் இருந்து கண்களை இடமும் வலமும் அசைத்துக் குறிகாட்டினார். ஆய்வாளர் கீத் ஹேர்ன் வைத்திருந்த கருவி அதைப் பதிவு செய்தது. பின்னர் அமெரிக்காவிலே ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் ஸ்டீபன் லபேர்ஜ் இதனைத் தனியே நிறுவியதோடு, பயிலும் முறையொன்றையும் வகுத்தார்.

அம்முறை மந்திரமன்று, ஞாபகப் பயிற்சியே. நாளைக் கடைக்குப் போகையில் இன்னதை வாங்க வேண்டும் என்று மனத்திலே முடிந்து வைக்கிறோமே, அத்தகையதுதான். முதலிலே, தலைமாட்டில் ஒரு கொப்பி வைத்து, விழித்தவுடன் அசையாது கிடந்து கனவை மீட்டு, மறக்குமுன் எழுத வேண்டும். சில வாரங்களிலே, அடிக்கடி வரும் காட்சிகள் புலப்படும்: தவறவிட்ட புகையிரதம், எழுத முடியாத பரீட்சை. பின்பு, விடியற்புறம் ஒரு கனவிலிருந்து விழிக்கும்போது, அக்கனவை நினைவிற் கொண்டு, "அடுத்து நான் கனவு காண்கையில், அது கனவென்பதை நினைவு கூர்வேன்" என்று உறுதிகொண்டு, அதே கனவிலே தாம் தெளிந்து நிற்பதாகப் பாவித்தபடியே மீளவும் உறங்க வேண்டும். வைகறையைக் குறிப்பதற்குக் காரணமுண்டு; இரவு கழியக் கழியக் கனவு நித்திரை நீள்கிறது.

பகலிலும் ஒரு பழக்கம் வேண்டும். எழுத்தொன்றை வாசித்து, முகத்தைத் திருப்பி, மீளவும் வாசித்துப் பார்ப்பது. கனவிலே எழுத்துக்கள் பெரும்பாலும் மாறிவிடும். ஆனால் இயந்திரம் போலச் செய்தாற் பயனில்லை, "இது கனவோ?" என்று மெய்யாகவே ஐயுற வேண்டும். இதுவே கடினம் என்பது என் எண்ணம்.

தெளிவு பிறந்ததும் மகிழ்ச்சியாலேயே பலர் விழித்துவிடுவர். கனவிலுள்ள கைகளை ஒன்றோடொன்று தேய்த்து நின்றால், கனவு சற்று நீடிக்கும் என்பர் பழகியவர்.

பயங்கரக் கனவுகளால் வருந்துவோர் சிலருக்கு இப்பயிற்சி உதவியதென ஆய்வுகள் கூறுகின்றன. ஆயினும் இரவுதோறும் நித்திரையைக் குலைத்து இதனைத் தேடல் தகாது. வாரத்தில் ஓரிரு நாள், மறுநாள் ஓய்வுள்ளபோது முயலலாம். நனவுக்கும் கனவுக்கும் பேதந் தெரியாது மயங்கும் மனநோய் உடையோர், வைத்தியரைக் கேளாது இதிலே இறங்கலாகாது.