மட்சுமோட்டோ: ஊர்க்காரர்கள் காப்பாற்றிய கோட்டை



போன கோடையில் நானும் என் மனைவியும் ஜப்பான் போய் வந்தோம். அதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும்படி நம் செயலாளர் கேட்டுக்கொண்டார். டோக்கியோ, கியோட்டோவை எல்லாம் நீங்கள் யூடியூபில் பார்த்திருப்பீர்கள். அதனால், மூன்று நாள் நிதானமாகத் தங்கிய மட்சுமோட்டோ என்ற கோட்டை ஊரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டோக்கியோவின் ஷின்ஜுக்கு நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். சுற்றிலும் மலைகள். ஊரே சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகஸ்ட் மாதப் பகலில் வெயில் நன்றாகவே காய்கிறது. சாயங்காலம் ஆனால் காற்று குளிர்ந்துவிடும். ஆகவே காலையில் ஒரே ஒரு இடம், மதியம் ஓய்வு, மாலையில் நடை என்று வைத்துக்கொண்டோம்.

முதல் நாள் காலை கோட்டைக்குப் போனோம். கருப்பு அரக்கு பூசிய மரச்சுவர்கள் அகழித் தண்ணீரில் அப்படியே தெரிகின்றன. நடுக்கோபுரம் 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. வெளியே பார்த்தால் 5 அடுக்கு, உள்ளே 6 தளம். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டு, கையில் எடுத்துக்கொண்டுதான் ஏற வேண்டும். ஒரு படிக்கட்டின் சாய்வு 61 டிகிரி, கிட்டத்தட்ட ஏணிதான். முட்டிவலி உள்ள என் மனைவி ஏறவில்லை. அகழிக்கரை மரநிழலில் உட்கார்ந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தனக்கு நஷ்டமே இல்லை என்கிறார்!

அந்தக் கோபுரம் இன்று நிற்பதே ஆச்சரியம். மெய்ஜி அரசு வந்தபின் கோட்டைகள் வேண்டாத சுமையாகிவிட்டன. 1872-ல் இந்தக் கோபுரத்தை ஏலம் விட்டார்கள். இடித்து மரத்தையும் இரும்பையும் விற்பதுதான் எண்ணம். உள்ளூர்க்காரரான இச்சிகாவா ரியோசோ, இடிப்பதைத் தள்ளிவைக்கும்படி மனுக் கொடுத்தார். மறு ஆண்டு கோபுரத்துக்குள்ளேயே பொருட்காட்சி நடத்திப் பணம் திரட்டினார். கோபுரம் திரும்ப ஊருக்குக் கிடைத்தது.

பிறகு பராமரிப்பு இல்லாமல் அது ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. அப்போது பள்ளித் தலைமையாசிரியர் கோபயாஷி உனாரி முன்னின்று பாதுகாப்புச் சங்கம் அமைத்தார். 1903-ல் தொடங்கிய பழுதுபார்ப்பு 1913 வரை நடந்தது. பழைய நடுக்கோபுரத்தோடு ஜப்பானில் இன்று மிஞ்சியிருக்கும் கோட்டைகள் 12 மட்டுமே. அவற்றில் இது ஒன்று.

மாலையில் நகாமச்சி தெருவில் நடந்தோம். 1888-ல் ஊரில் பெருந்தீ. அதன்பின் வியாபாரிகள் தீப்பிடிக்காத தடித்த சுவர்களோடு கிடங்குகள் கட்டினார்கள். அவைதான் இன்று கடைகளாக இருக்கின்றன. சற்றுத் தள்ளி கெஞ்சி கிணறு. யார் வேண்டுமானாலும் ஊற்றுத் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம், காசு கிடையாது. தினமும் எங்கள் பாட்டில்களை அங்கேதான் நிரப்பினோம்.

கோட்டையைக் கட்டிய பிரபுவின் பெயரை வழிகாட்டிப் பலகையில் படித்தேன், மறந்துவிட்டது. மற்ற இரண்டு பெயர்களையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருவருமே ராஜாக்கள் அல்ல. "நமக்கென்ன" என்று போகாத குடியிருப்புவாசிகள், அவ்வளவுதான். அடுத்த பொதுக்குழுவில் நம் கட்டடப் பழுதுபார்ப்பு நிதி பற்றிப் பேச்சு வரும்போது, அவர்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்வோம்.