அப்பாயியின் பேரை யார் எழுதி வைப்பது?

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணித் தலைவியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், கொழுந்து நிறை, ஒழுகும் லயத்துக் கூரை என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்போது, குடும்ப வரலாறு எழுதுகிறோம் என்று நாங்கள் வந்து நிற்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். ஒரு அண்ணன் நேராகவே கேட்டுவிட்டார்: "பரம்பரை எழுத நாம என்ன ராஜா வீட்டுப் பிள்ளைங்களா டீச்சர்?"

அந்த அண்ணனுக்குப் பதில் 1948இல் இருக்கிறது. அந்த வருடத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் என்ன கேட்டது? இந்த நாட்டில் பிறந்தது மட்டும் போதாது, உன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அதை நிரூபி என்று கேட்டது. தாய் எங்கே பிறந்தாள் என்பதை அது கணக்கில் எடுக்கவே இல்லை. தோழர்களே, அது கேட்டது குடும்ப வரலாற்றைத்தான். நம்மிடம் வரலாறு இருந்தது. தாள் இல்லை. அதனால் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனோம்.

உலகத்தில் பல நாடுகளில் குடும்ப வரலாற்றுச் சங்கங்கள் இருக்கின்றன. லண்டனில் 1911இலேயே ஒன்று தொடங்கினார்கள். அங்கே பலருக்கு அது ஓய்வுநேர விருப்பம். ஆனால் நம்மைப் போலக் கூலிகளாகக் கப்பல் ஏறியவர்களின் பிள்ளைகளுக்கு அது வேறு விஷயம். மொரிஷியஸில் மோகா என்ற இடத்தில் மகாத்மா காந்தி நிறுவனம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் போன இந்தியர்களின் பதிவேடுகளை அங்கே பாதுகாக்கிறார்கள். தேடி வரும் குடும்பங்களுக்கு அங்கே வேலை செய்கிறவர்கள் பழைய ஏடுகளைப் பார்த்து, முன்னோரின் இலக்கம், வந்த கப்பல், புறப்பட்ட ஊர் ஆகியவற்றை எடுத்துக் கொடுக்கிறார்கள். தென்னாபிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள மச்சம் தழும்பு வரை அதில் எழுதியிருக்கிறார்கள்.

நமக்கு அப்படிப்பட்ட பட்டியல் இல்லை. நம்மைக் கூட்டி வந்தது கங்காணி முறை. கங்காணி ஊரில் ஆள் சேர்த்தார், கடனை எழுதினார், மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியாக நடத்தி வந்தார். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை. பிற்காலத்தில் கழுத்தில் கட்டிய தகர வில்லையில் எழுத்தும் இலக்கமும் இருந்தன, பெயர் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் ஆளை மாற்றிய 'துண்டு' கூட கடன் காகிதம்தான். அது 1921இல் ஒழிந்தது. ஆகவே நம்முடைய பட்டியலை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

அதை யார் எழுதுகிறார்கள்? எங்கள் டிவிஷனில் நாங்கள் ஐந்து பேர். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் இரண்டு பேர், ஓய்வு பெற்ற கிளாக்கர் ஐயா ஒருவர், கொழுந்து எடுக்கும் தங்கச்சி ஒருத்தி, கோயில் கணக்கு எழுதும் அண்ணன் ஒருவர். சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாகப் போகிறோம். கிளாக்கர் ஐயாவுக்குப் பழைய செக்ரோல் எழுத்து புரியும். தங்கச்சியிடம்தான் பாட்டிமார் மனம் விட்டுப் பேசுவார்கள்.

எங்கே தேடுகிறோம்? முதலில் தகரப் பெட்டியில். பிரஜாவுரிமைக்குப் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, பழைய கடிதம், பிறப்புச் சான்றிதழ், சம்பளத் துண்டு எல்லாம் அங்கே கிடக்கும். பிறகு பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு. அதற்கும் பிறகு திருவிழா வரி நோட்டு. கோயிலுக்கு வரி கட்டிய குடும்பத் தலைவர்களின் பெயர் வருடா வருடம் அதில் இருக்கும். ஒரு வருடம் ஒரு பெயர் நின்றுபோனால், அவர் இறந்தாரா, வேறு தோட்டம் போனாரா, 1964 ஒப்பந்தத்தில் கப்பல் ஏறினாரா என்று விசாரிக்கிறோம். ஐந்தேகால் லட்சம் பேரை அனுப்புவதாக இரண்டு அரசாங்கங்களும் எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. அண்ணன் இங்கே, தங்கச்சி நீலகிரியில் என்று பிரிந்த குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கின்றன.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறோம். 38 வருடம் கொழுந்து எடுத்தவர். ஈ.பி.எப். பணத்துக்கு எழுதிப் போட்டால் தாள் திரும்பி வந்தது. செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழ் இல்லவே இல்லை. வீட்டில் கூப்பிடும் பெயரை யாரோ ஒருவர் ஆபிசில் எழுதிவிட்டார், அதுவே நாற்பது வருடம் நின்றுவிட்டது. நாங்கள் அவருடைய மகனின் சேர்வு இடாப்பில் தாயின் பெயரைப் பார்த்தோம். அக்காவின் பிரஜாவுரிமைத் தாளில் தங்கையின் பெயர் இருந்தது. இவற்றை வைத்து கிராம சேவகரிடம் போய், சத்தியக் கடதாசி முடித்து, மறுபடி அனுப்பினோம். பதினொரு மாதம் அலைந்த பிறகு பணம் வந்தது.

அன்று அந்த அம்மா எங்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எங்கம்மா பேரையும் எழுதிக்கோங்க. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார். எழுதினோம். அவருடைய பேத்தியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டியின் பெயரை அன்றைக்குத்தான் அவள் தெரிந்துகொண்டாள்.

நாளைக்குக் காணி உறுதி கைக்கு வரும்போதும் இதே கேள்விகள்தான் வரும். யாருடைய பெயரில் எழுதுவது, அவர் இறந்தால் வாரிசு யார், பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியா என்று கேட்பார்கள். அப்போது ஓடாமல் இன்றைக்கே சரிபார்த்து வைப்போம்.

இந்த வேலைக்கு நாங்கள் சில கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறோம். சாதி கேட்பதில்லை, எழுதுவதுமில்லை. நம்மைப் பிரித்து வேலை வாங்கியவர்கள் எழுதிய கணக்கு அது. நம்முடைய நோட்டில் அதற்கு இடமில்லை. தாய்வழியையும் தகப்பன்வழிக்குச் சமமாக எழுதுகிறோம். 1948இல் விட்டுப்போன பெயர்களை நாமும் விடக்கூடாது. அசல் தாளை வாங்கிப் போவதில்லை, படம் எடுத்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுக்கிறோம். ஒரு வீட்டில் கேட்டதை இன்னொரு வீட்டில் பேசுவதில்லை. சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்துவதில்லை.

கம்பளைப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பழைய லயத்தையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டுங்கள். ஆனால் உங்கள் குடும்பத்தின் கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் இருக்கிறது.

தோழர்களே, நாங்கள் கேட்பது பெரிதல்ல. ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் இரண்டு பேரைத் தரட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தோட்டத்தில் ஆக வயதானவரிடமிருந்து தொடங்குங்கள். ஐந்து கேள்வி போதும்: உங்கள் பெயர் என்ன, அம்மா அப்பா பெயர் என்ன, அவர்களைப் பெற்றவர்கள் யார், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தெந்தத் தோட்டத்தில் இருந்தார்கள். அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் "பெரிய மழை பெய்த வருசம்" என்றே எழுதுங்கள், பிறகு விசாரித்துக்கொள்ளலாம்.

போன மாதம் நாங்கள் போகவிருந்த ஒரு வீட்டில், நாங்கள் போவதற்கு இரண்டு நாள் முன்னால் தாத்தா காலமாகிவிட்டார். அவர் நோட்டில் பக்கம் ஒதுக்கியிருந்தோம். அது வெறுமையாகவே இருக்கிறது. அடுத்த பக்கங்கள் அப்படி ஆகாமல் இருக்க, இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.