சலுகை வேண்டாம், அளவுகோல் வேண்டும்

(மேடை இசையை மதிப்பிடுதல் குறித்துக் காத்திவாக்கத்தில் கூடிய கருத்தரங்கின் தலைமை உரை)



இசை விமர்சனத்துக்கான கருத்தரங்கை மயிலாப்பூரில் வைக்காமல் இங்கே வைப்பானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். இசைக்கு இந்த வட்டாரம் புதிதல்ல. தெற்கே, கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர். மாணவர் வீணை குப்பையர் அழைக்க அங்கே வந்த தியாகராஜர், அவ்வூர் அம்மன் திரிபுரசுந்தரி மீது ஐந்து கீர்த்தனைகள் பாடினார். அவற்றுள் ஒன்று பேகடை ராகத்தில் அமைந்தது. 2017 ஜனவரியில் வந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ எண்ணூர்க் கழிமுகத்தின் கதையைச் சொல்கிறது. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா பாடிய அந்த ராகமாலிகையிலும் பேகடை உண்டு. முன்னது சந்நிதியில் பிறந்த தெலுங்குக் கீர்த்தனை. பின்னது அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த நீர்நிலைக்காகப் பாடிய சென்னைத் தமிழ். ராகம் ஒன்றுதான். இரண்டுக்கும் மதிப்பிடும் முறையும் ஒன்றாக இருக்க முடியுமா? இன்றைய கேள்வி அதுதான்.

நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை எடுத்துப் பாருங்கள். மாதவி மேடையில் கால் வைக்கும் முன்பே, ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையாசான், குழலோன், யாழாசிரியன் ஆகியோருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்லி வருகிறார் இளங்கோ. அடுத்து அரங்கின் அளவு: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல். தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கச் சொல்கிறார். தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பரிசும் அதன் பிறகுதான் வருகின்றன. கலைஞரைத் தீர்ப்பிடும் முன் மேடையைச் சோதி என்பது அங்கே கிடைக்கும் பாடம்.

பத்திரிகை விமர்சனம் வந்தபோது இந்தப் பாடத்தில் பாதி கைநழுவியது. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதி, சங்கீதம் படிக்காதவரையும் கச்சேரி பற்றிப் பேச வைத்தது. பிற்காலத்தில் விமர்சகர் சுப்புடுவின் பேனாவுக்கு வித்துவான்கள் அஞ்சினார்கள். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் ராக லட்சணங்களை நிபுணர்கள் உட்கார்ந்து விவாதித்தார்கள். எல்லாமே பெரிய பணிகள். ஆனால் அவை பார்த்தது சபா மேடையை. சபா மேடையின் அளவுகோலே இசையின் அளவுகோல் என்று நாமும் பழகிவிட்டோம்.

இந்த ஊர்ப்பக்கம் கேட்கும் கானாவை எடுத்துக்கொள்வோம். சாவு வீட்டில் இரவு பாடும் மரண கானாவில் பாடகருக்கு ஒத்திகை கிடையாது. வந்து இறங்கியதும் உறவுக்காரர் ஒருவரைத் தனியே கூப்பிட்டு, இறந்தவர் பெயர், பார்த்த வேலை, பிள்ளைகள் பெயர், கடைசி நாட்களில் என்ன ஆனது என்று கேட்டுக்கொள்கிறார். சிறிது நேரத்தில் அத்தனையும் தெரிந்த மெட்டில் ஏறி உட்கார வேண்டும். ஒரு மகளின் பெயர் விட்டுப்போனால் வீடே முகம் சுளிக்கும். பெயர் தாளத்துக்கு இடிக்கிறது என்று நீட்டி முழக்கினால், டோலக் வாசிப்பவரே திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அழுகிற வீட்டை நடுவில் ஒருமுறை சிரிக்கவும் வைத்து, விடியும்வரை கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்க வேண்டும். இத்தனை கறாரான தேர்வு எந்த சபாவில் இருக்கிறது?

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கானாவைக் கேவலமாகப் பேசிய காலம் ஒன்று இருந்தது. இப்போது, ‘மண்ணின் இசை, எளிய மக்களின் குரல்’ என்று முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டு நகர்கிறோம். பாடியவருடைய சுருதி, சொற்கட்டு, இட்டுக்கட்டும் வேகம் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. குறை சொல்லாமல் விடுவதும் ஒதுக்கிவைப்பதுதான். நல்ல கானாவும் மட்டமான கானாவும் உண்டு. அந்த வித்தியாசம் குப்பத்துக் கிழவிக்குத் தெரியும். கட்டுரை எழுதுகிற நமக்குத்தான் தெரியவில்லை. சலுகையை நிறுத்திவிட்டு அளவுகோலைக் கற்றுக்கொள்வோம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஒலிபெருக்கி இல்லாமல் முழு வாத்தியக் குழுவையும் தாண்டிக் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது ஓபராவின் அடிப்படைச் சோதனை. அங்கே ரசிகர்களும் கறாரானவர்கள்: மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 2006 டிசம்பரில் ‘ஐடா’ ஓபரா நடந்தபோது, மேல்மாடி ரசிகர்கள் கூச்சலிட்டதும் பாடகர் ரொபெர்த்தோ அலான்யா மேடையை விட்டே வெளியேறினார்; மாற்றுப் பாடகர் வேடம்கூடப் போடாமல் தெருவில் போகும் உடையிலேயே வந்து ஓபராவைத் தொடர்ந்தார். அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1925இல் வானொலி நிகழ்ச்சியாகப் பிறந்த ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ கிராமிய மேடைக்கு அந்தக் குரல்வலிமை தேவையே இல்லை. கதை கேட்பவரைத் தொட வேண்டும், சொல் தெளிவாக விழ வேண்டும். ஒரு மேடையின் அளவுகோலை மற்றதில் மாற்றி வைத்தால் இரண்டு மேடைப் பாடகர்களுமே தோற்பார்கள்.

கட்டுரை வாசிக்கப் போகிறவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, எங்கே உட்கார்ந்து, எந்த நேரத்தில், என்ன ஒலி அமைப்பில் கேட்டீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கைப்பேசியில் மூன்று நிமிடத் துண்டைப் பார்த்துவிட்டு இரவு முழுக்க நடந்த பாட்டுக்குத் தீர்ப்பு எழுத வேண்டாம். இரண்டு, அந்த இசையைப் பாடுகிறவர்களும் வழக்கமாகக் கேட்கிறவர்களும் எதைத் தேர்ச்சி என்கிறார்கள் என்று விசாரித்து எழுதுங்கள். உங்களுக்கு அதில் உடன்பாடு இல்லையென்றால் காரணத்தோடு மறுத்துச் சொல்லுங்கள். அதற்கு முழு உரிமை உண்டு.

இதுவரை தீர்ப்பு ஒரு திசையில்தான் போயிருக்கிறது. சபாவில் கேட்டுப் பழகியவர்கள் கானாவைப் பற்றிச் சொன்னார்கள்; கானா பாடுகிறவர்களிடம் சபாக் கச்சேரி எப்படி என்று யாரும் கேட்டதில்லை. ஆகவே நிகழ்ச்சி நிரலில் ஒரு மாற்றம் செய்யுமாறு அமைப்பாளர்களைக் கேட்டேன், அவர்களும் இசைந்தார்கள். மாலையில் இங்கே ஒரு கர்நாடகக் கச்சேரி நடக்கிறது. அதை மதிப்பிட்டுப் பேசப்போகிறவர்கள், முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கானா பாடகர்கள். பேராசிரியர்கள் குறிப்பெடுத்துக்கொள்ளலாம்.

கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.