தகரத்தில் ஒரு லேண்ட் ரோவர்



சிலிம் ரிவர் வட்டாரத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட் ரோவர் என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்குத் துரையைக் கொண்டுவந்து இறக்கிய வண்டி அது. மழைக்காலத்தில் சிவப்பு மண் குழம்பாகிக் கிடக்கும் தோட்டப் பாதையில், மற்ற வண்டிகள் சிக்கி நின்றுவிட, உறுமிக்கொண்டே மேடேறிப் போன வண்டி. நடு இரவில் பிரசவ வலி கண்ட தாய்மார்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்ததும் பல தோட்டங்களில் அந்த வண்டிதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகிப் பலர் பட்டணத்து வீடுகளுக்குக் குடிபோனார்கள். ஆனாலும் அந்த வண்டியின் உருவம் பெரியவர்களின் மனத்தை விட்டுப் போகவில்லை.

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வண்டியின் சின்ன உருவத்தைப் பற்றி. பிள்ளைகள் கையில் ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு வானொலி அலையால் ஓட்டுகிறார்களே, கரடுமுரடான இடத்திலும் ஏறி இறங்கும் ரிமோட் வண்டி, அதற்குத் தகரத்தால் கையாலேயே உடல் செய்வது எப்படி என்பதே பொருள்.

நாங்கள் அறிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். அந்த வீட்டுப் பையனுக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வரும் அறிக்கையில் சிவப்பு மை அதிகம். படிப்பு ஏறாது என்று வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். சிற்றப்பா வாங்கிக் கொடுத்த ரிமோட் வண்டி ஒன்று அவனிடம் இருந்தது. ஒரு நாள் அது கால்வாய்க்குள் விழுந்து, மேலே இருந்த பிளாஸ்டிக் கூடு நொறுங்கிப் போயிற்று. புதுக் கூடு வாங்கிக் கேட்டான்; அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவன் வண்டியை அலமாரியின் மேல் போட்டுவிட்டான்.

அந்த வீட்டுத் தாத்தா ஒரு காலத்தில் தோட்டத்துப் பட்டறையில் தகர வேலை பார்த்தவர். ஓட்டை விழுந்த பால் வாளிக்கு ஈயம் வைத்தவர், முறம், புனல், விளக்கு என்று எதைக் கேட்டாலும் தகரத்தில் மடித்துக் கொடுத்தவர். அவர் வண்டியை இறக்கிப் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி, மோட்டார் ஓடுதா?”

“ஓடுது தாத்தா.”

“சக்கரம் திரும்புதா?”

“திரும்புது.”

“அப்புறம் என்னய்யா கெட்டுப் போச்சு? சட்டைதானே கிழிஞ்சிருக்கு.”

சட்டை தைக்கத் துணி எங்கே கிடைத்தது என்றால், தீபாவளிக்கு வந்த பிஸ்கட் டின்னில். இப்படிப் பழைய டின்னில் வண்டி செய்வது புதிய யோசனை அல்ல. 1942 ஜனவரி 7 அன்று விடிவதற்கு முன்பே ஜப்பானியரின் டாங்கிகள் துரோலாக் பக்கமிருந்து பிரிட்டிஷ் இந்தியப் படைகளின் அணியைப் பிளந்துகொண்டு சிலிம் ரிவர் பாலங்கள்வரை வந்த கதையை இங்குள்ள முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே ஜப்பான் 1945-இல் தோற்று, பட்டினியில் கிடந்தது. ஓட்சு என்ற ஊரில் இருந்த மட்சுசோ கொசுகே என்ற பொம்மைத் தொழிலாளி, அமெரிக்கச் சிப்பாய்கள் தின்றுவிட்டு எறிந்த உணவு டின்களைச் சேகரித்து, வெட்டி நிமிர்த்தி, சிறிய ஜீப் வண்டிகள் செய்தார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவை கியோட்டோ நகரக் கடையில் 10 யென் விலைக்கு வந்து, வந்த வேகத்தில் விற்றுப் போயின. ஜப்பானின் போருக்குப் பிந்திய பொம்மைத் தொழில் அந்தக் குப்பை டின்னிலிருந்துதான் மறுபடி எழுந்தது. 1979-இல் அதே நாட்டின் தமியா நிறுவனம் மணலிலும் மேட்டிலும் ஓடும் ரிமோட் வண்டிகளை வெளியிட்டு உலகமெங்கும் பிள்ளைகளைக் கிறங்கடித்தது.

சரி, எத்தனையோ வண்டிகள் இருக்க லேண்ட் ரோவர் ஏன்? அதன் உடலைப் பாருங்கள். பெரும்பாலும் தட்டையான பலகைகள், வளைவுகள் குறைவு. இதற்குக் காரணம் உண்டு. 1948-இல் அந்த வண்டி பிறந்தபோது பிரிட்டனில் எஃகு கிடைப்பது அரிது. விமானத் தொழிலில் பழகிய அலுமினியக் கலப்புத் தகடு மட்டும் கிடைத்தது. பெரிய அச்சு எந்திரங்களுக்குச் செலவிடவும் பணமில்லை. ஆகவே கையால் மடித்து ரிவெட் அடிக்கக்கூடிய உருவத்தையே தேர்ந்தெடுத்தார்கள். நமக்கு அடுத்தாற்போல் இருக்கும் தஞ்சோங் மாலிம் புரோட்டோன் தொழிற்சாலையில் இராட்சத எந்திரங்கள் ஒரே அழுத்தில் கதவை வளைத்துத் தள்ளுகின்றன. அந்த வளைவை நம் கையால் கொண்டுவர முடியாது. லேண்ட் ரோவரின் கதவை நம்மால் முடியும். பழைய உருவில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29 அன்று தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. 68 ஆண்டுகள் அதன் முகம் பெரிதாக மாறவே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அளவு. தோட்டங்களில் ஓடிய குட்டை லேண்ட் ரோவரில் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடைவெளி 88 அங்குலம், அதாவது 2235 மில்லிமீட்டர். பத்தில் ஒரு பங்கு என்றால் சுமார் 22 சென்டிமீட்டர். நீளமான வண்டிக்கு 109 அங்குலம். பத்தில் ஒரு பங்கு சுமார் 28 சென்டிமீட்டர். உங்களிடம் உள்ள அடிச்சட்டத்தின் சக்கர இடைவெளியை முதலில் அளந்து, எது பொருந்துகிறதோ அந்த வண்டியைச் செய்யுங்கள். அகலம் இரண்டுக்கும் ஒன்றே, ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். உடலை முதலில் செய்துவிட்டுச் சட்டத்தை அதற்குள் திணிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அளவெடுக்காமல் சட்டை தைத்த கதைதான்.

எடுத்த எடுப்பில் தகரத்தில் கை வைக்க வேண்டாம். காலையுணவுப் பெட்டி அட்டையில் ஒவ்வொரு பாகத்தையும் வெட்டி, ஒட்டி, ஒரு முழு அட்டை வண்டி செய்து சட்டத்தின் மேல் வையுங்கள். சக்கரத்தை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்புங்கள். ஒரு சக்கரத்தைக் கையால் மேலே அழுத்துங்கள். மட்காட்டில் உரசினால் அட்டையை வெட்டுவது சுலபம். பையனும் தாத்தாவும் மூன்று அட்டை வண்டி செய்தார்கள். மூன்றாவது வண்டியைக் கணக்குப் பார்த்து வெட்டியவன் பையன். பத்தால் வகுப்பது, பாகைமானியில் கோணம் எடுப்பது எல்லாம் கேட்காமலே வந்தது. இதை அவனுடைய கணக்கு வாத்தியார் பார்த்திருக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

அடுத்தது எடை. அசல் வண்டி ஏறத்தாழ 1300 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தில் ஒன்றாகும்போது எடை ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். அதாவது நம் வண்டி 1.3 கிலோதான் இருக்கலாம். ஆனால் மோட்டாரும் மின்கலமும் பற்சக்கரங்களுமே அதைத் தின்றுவிடும். உடலுக்கு 1500 சதுர சென்டிமீட்டர் தகடு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0.3 மில்லிமீட்டர் தகரம் என்றால் சுமார் 350 கிராம். அரை மில்லிமீட்டர் அலுமினியம் என்றால் சுமார் 200 கிராம். அதே கனத்தில் பித்தளை 640 கிராம் வரை போகும். பித்தளையில் செய்தால் பார்வைக்கு அழகு, ஈயமும் நன்றாகப் பிடிக்கும். நாங்கள் முன்பொரு முறை பித்தளையில் கூரை போட்ட வண்டி ஒன்று செய்தோம். பக்கச் சரிவில் விட்டதுமே அது மல்லாந்து படுத்துக்கொண்டது. மேலே கனம் ஏறினால் கவிழும். நிறையக் குடங்களைத் தலையில் அடுக்கியவர் நடப்பது போலத்தான்.

அலுமினியம் இலேசானது, ஆனால் சாதாரண ஈயம் அதில் பிடிக்காது. காற்றுப் பட்டவுடன் அதன் மேல் ஒரு மெல்லிய தோல் படிந்துவிடுகிறது. அதை ரிவெட் அடித்தோ, இரு குழாயில் வரும் எபாக்சி பசையாலோ இணைக்க வேண்டும். வீட்டில் முதன்முதலாகச் செய்பவர்களுக்குத் தகரமே நல்லது. தகரம் என்று நாம் சொல்வது உண்மையில் வெள்ளீயம் பூசிய இரும்புத் தகடு. அந்த வெள்ளீயத்துக்கு ஒரு காலத்தில் உலகமெங்கும் பெயர் பெற்றது நம் பேராக் மாநிலத்துக் கிந்தா பள்ளத்தாக்கு. பூச்சு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். ஆனாலும் அதனால்தான் ஈயம் இவ்வளவு இலகுவாக ஒட்டுகிறது.

பிஸ்கட் டின்னை வெட்டும்போது கைக்குத் தடித்த உறை கட்டாயம். தகரத்தின் விளிம்பு சவரக்கத்திதான். வெட்டுப்பட்டால் மஞ்சள் அப்பி விட்டுவிடாமல், சோப்புப் போட்டுக் கழுவி, கிளினிக்கில் காட்டி, இசிவு நோய் ஊசி தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய விளிம்பு எல்லாவற்றையும் மூன்று மில்லிமீட்டர் உள்ளே மடித்துத் தட்டிவிடுங்கள். கையையும் கிழிக்காது, தகடும் விறைத்து நிற்கும். மடிப்பதற்கு இரண்டு ஆங்கிள் இரும்புகளுக்கு நடுவே தகட்டை வைத்து வைஸில் இறுக்கி, மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்ட வேண்டும். ஒரே இடத்தில் அடித்தால் தகடு நீண்டு அலை அலையாகிவிடும். பிறகு அதை யாராலும் நேராக்க முடியாது. “தகரத்தை அடிக்காதே, தட்டிக் கொடு” என்று தாத்தா ஒரு நாளில் நூறு முறை சொன்னார்.

எஞ்சின் மூடி, இரண்டு மட்காட், முன்னும் பின்னுமாக இரு தடுப்புகள், கதவு இரண்டு, பின்னால் ஒரு பெட்டி. இவ்வளவுதான் பாகங்கள். சேர்க்க வேண்டிய இடத்தில் வண்ண அச்சை உப்புத்தாளால் தேய்த்துத் தகரம் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். அழுக்கின் மேல் ஈயம் உருண்டு ஓடிவிடும். காரீயம் கலந்த பற்றாசு 183 பாகை வெப்பத்திலேயே உருகத் தொடங்குகிறது. ஆனால் தகடு சூட்டை இழுத்துக்கொள்வதால் மின்னணு வேலைக்கான சிறிய சூட்டுக்கோல் போதாது. அறுபது வாட்டுக்கு மேல் வேண்டும். முதலில் இரு முனைகளிலும் ஒவ்வொரு பொட்டு. கோணம் சரியா என்று பார்த்த பிறகே நடுவில் ஓட்டம். பக்கத்தில் ஏற்கெனவே வைத்த இணைப்பு கழன்றுவிடாமல் இருக்க அதன் மேல் ஈரத்துணியைப் போர்த்துங்கள். பற்றாசில் காரீயம் கலந்திருந்தால் அது குழந்தைகளுக்கு நஞ்சு. சன்னலைத் திறந்து வைத்து, வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டே சோற்றில் கை வைக்க வேண்டும். தாய்மார்கள் சமையல் மேசையில் இந்த வேலையை அனுமதிக்கவே கூடாது.

உடல் முடிந்து சட்டத்தில் ஏற்றிய அன்று ஒரு வேடிக்கை நடந்தது. வண்டி வாசலில் ஓடியது. பத்தடி தள்ளிப் போனதும் திக்கித் திக்கி நின்றது. பையன் முகம் வாடிப் போயிற்று. காரணம் எளிது. உலோகப் பெட்டிக்குள் வானொலி அலை எளிதில் நுழையாது. பழைய ரிமோட் வண்டிகளில் 27 மெகாஹெர்ட்ஸ் அலை. அதன் நீளம் 11 மீட்டர். அதனால் நீண்ட கம்பி வெளியே ஆடிக்கொண்டிருக்கும். இக்காலத்து வண்டிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ், அலை நீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர். ஏற்பியின் கம்பி நுனியில் சுமார் மூன்று சென்டிமீட்டர் மட்டுமே அலையைப் பிடிக்கிறது. அந்த மூன்று சென்டிமீட்டரும் தகரத்துக்குள் சிறைப்பட்டுக் கிடந்தது.

தாத்தா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தகரக் கூரையைக் கழற்றச் சொன்னார். தோட்டத்து லேண்ட் ரோவர்களில் பலவற்றுக்குக் கூரையே கித்தான் துணிதானே! பழைய கித்தான் பையை வெட்டி, கம்பி வளைவின் மேல் பாட்டி தைத்துக் கொடுத்தார். கம்பி நுனி ஒரு குளிர்பான உறிஞ்சு குழலுக்குள் நின்று துணிக்கடியில் ஒளிந்துகொண்டது. அலை துணி வழியே தாராளமாகப் புகுந்தது. கனம் குறைந்ததால் வண்டி சரிவிலும் கவிழவில்லை.

இன்னொன்றும் மறக்கக் கூடாது. லித்தியம் மின்கலத்தின் இரு முனைகளும் தகரத்தைத் தொட்டால் தீப்பற்றிக்கொள்ளும். உடலின் உட்புறம் முழுவதும் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டிவிடுங்கள். கம்பிகள் விளிம்பில் உரசும் இடத்தில் இரட்டையாக ஒட்டுங்கள். சார்ஜ் ஏற்றும்போது மின்கலத்தை வண்டிக்கு வெளியே எடுத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே ஏற்ற வேண்டும்.

வண்ணம் பூசுமுன் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்து, அடிப்பூச்சு ஒன்று கொடுங்கள். நம் ஊர் மழைக்கு, கீறல் விழுந்த தகரம் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். பையன் பச்சை வண்ணம் கேட்டான். முதன்முதலில் வந்த லேண்ட் ரோவர்களும் பச்சைதான். போர் விமானங்களுக்கென்று வாங்கி மிஞ்சிய வண்ணம் என்று சொல்வார்கள்.

தகர வேலையும் பற்றவைப்பும் தெரிந்த பிள்ளைகளுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி இருக்கிறது. ஈப்போவிலும் தொழிற்பயிற்சிக் கழகம் உண்டு. சிவப்பு மை அறிக்கையோடு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், அங்கே போய் என்னென்ன பயிற்சி உண்டு என்று விசாரியுங்கள். அந்தப் பையனின் அப்பா அப்படித்தான் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார். இன்னும் முடிவு செய்யவில்லை.

சென்ற வாரம் நாங்கள் போனபோது வண்டி கால்வாய்க் கரைச் சேற்றில் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பக்க மட்காட் நசுங்கியிருந்தது. பையன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

“அதைத் தட்டி எடுத்துடலாம் தாத்தா. கதவு திறக்கிற மாதிரி கீல் வைக்க முடியுமா?”

தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, கீலுக்கு ஊசி போன்ற கம்பி வேண்டுமே என்று வீட்டுக்குள் தேடப் போனார்.