மாட்டுத் தோற்கழலை நோயும் கடிக்கும் இலையானும்

(பேசாலைப் பகுதிக் கமக்காரருக்கு நிகழ்த்திய உரை)



நெல்லைப் பற்றியும் கத்தரி, மிளகாய், வெண்டி முதலிய தோட்டப் பயிர்களைப் பற்றியும் பேசுவதே இக்கூட்டங்களில் வழக்கம். இன்று நான் மாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். உழவு இயந்திரம் வந்தபின் எருது கலப்பையை விட்டு நீங்கியது உண்மையே. ஆயினும் தோட்டக்காரர் மாட்டை விட்டு நீங்கவில்லை, நீங்கவும் முடியாது. பேசாலையின் மணல் நிலம் நீரையும் உரத்தையும் தங்கவிடாத நிலம். சாணி எரு இடாத பாத்தியில் கத்தரி எவ்வளவு காய்க்கும் என்பதை நீங்களே அறிவீர்கள். வீட்டுக்குப் பால், தோட்டத்துக்கு எரு, அவசரத்துக்கு விற்றுக்கொள்ள ஒரு கன்று என இம்மூன்றையும் இரண்டு பசுக்களே தருகின்றன. அந்த இரண்டில் ஒன்று படுத்துவிட்டால் அக்குடும்பத்தின் வரவு செலவு முழுவதும் கலங்கிவிடும். ஆதலின் மாட்டின் நோயும் கமக்காரரின் கவலையே ஆகும்.

இன்று நாம் எடுத்துக்கொள்வது தோற்கழலை நோய். லம்பி என்றும் பெரியம்மை என்றும் இதனை மக்கள் வழங்குகின்றனர். இது நம் நாட்டுக்குப் புதிய நோய். முதன்முதல் 1929ஆம் ஆண்டு ஆபிரிக்காவில், இன்று சாம்பியா எனப்படும் நாட்டில், இது கண்டறியப்பட்டது. பல்லாண்டுக் காலம் அக்கண்டத்தினுள்ளேயே நின்றது. பின்னர் மேற்காசியா வழியாகப் பரந்து, 2019இல் இந்தியாவையும் வங்காளதேசத்தையும் அடைந்தது. 2020ஆம் ஆண்டு இலங்கையிலும் தோன்றியது. தோன்றிய இடம் நமது வட மாகாணமே. 2022இல் இந்தியாவில், சிறப்பாக இராசத்தான், குசராத்து மாநிலங்களில், இது பெருங்கொள்ளையாய் எழுந்தது. அவ்வாண்டில் அந்நாட்டில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாடுகள் மாண்டன. 2023இல் நமது நாட்டின் வடமேல் மாகாணத்திலும் வேறிடங்களிலும் இந்நோய் மீண்டும் பரவியபோது, அம்மாகாணத்தில் மாடுகளை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதும் இறைச்சிக்கு அறுப்பதும் சில காலம் தடைசெய்யப்பட்டன. எனவே, இது எங்கோ வேற்றூரில் உள்ள நோய் என்று எவரும் வாளாவிருத்தல் ஆகாது.

நோயின் குறிகளைக் கூறுவேன். முதலில் கடுங்காய்ச்சல் காணும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். மாடு இரை எடுக்காது; பால் திடீரெனக் குறையும். தோளின் முன்புறத்திலும் தொடை மடிப்பிலும் உள்ள நெறிகள் வீங்கும். இரண்டொரு நாளில் கழுத்து, முதுகு, மடி, தொடை ஆகிய இடங்களில் உருண்டையான, கெட்டியான கழலைகள் எழும். பெரும்பாலானவை இரண்டு முதல் ஐந்து சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். அவை மேற்றோலில் மட்டும் நிற்பன அல்ல. தோலின் முழுக் கனத்தையும் ஊடுருவியிருக்கும். நாளடைவில் நடுப்பகுதி செத்துக் கருகிப் பொருக்காகி, விழுந்த இடத்தில் குழிப்புண் உண்டாகும். சில மாடுகளுக்குக் காலும் நெஞ்சுத்தொங்கலும் வீங்கி நடக்க இயலாது போகும். சினைப்பசு கன்றை வீசிவிடுதலும் உண்டு. பொலிகாளை சில காலம், சிலபோது என்றைக்குமே, பயன்படாது போகலாம். வாயிலும் குளம்பிடையிலும் மட்டும் புண் கண்டால் அது பெரும்பாலும் குளம்பு வாய் நோயாக இருக்கும், அது வேறு.

நோய்கண்ட மாடுகளிற் பெரும்பாலானவை இறப்பதில்லை. பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரையே இறக்கும் என்பது பல நாடுகளில் கண்ட அனுபவம். ஆனால் கன்றுகளுக்கும், உயர் இனக் கலப்புப் பசுக்களுக்கும் ஆபத்து அதிகம். பிழைத்த மாடும் பல வாரம் மெலிந்து, பால் வற்றி, தோல் பழுதாகி நிற்கும். கமக்காரருக்கு நட்டம் மரணத்தில் மட்டும் இல்லை.

இனி இந்நோய் எவ்வாறு பரவுகின்றது என்பதே இன்றைய பேச்சின் உயிர்ப்பகுதி. இதனை உண்டாக்குவது ஆட்டம்மைக் கிருமிக்கு இனமான ஒரு வைரசு. அது ஒரு மாட்டிலிருந்து மற்றொரு மாட்டுக்குப் பெரும்பாலும் காற்றினாலோ மூச்சினாலோ செல்வதில்லை. இரத்தம் குடிக்கும் பூச்சிகளே அதனைச் சுமந்து செல்கின்றன. அவை மூன்று வகை: கடிக்கும் இலையான், நுளம்பு, உண்ணி.

இலையானை எல்லாரும் அறிவோம். ஆனால் கடிக்கும் இலையானை வேறு பிரித்து அறிவோர் சிலரே. உருவில் அது வீட்டிலையானைப் போன்றதே. உற்றுப் பாருங்கள்: வீட்டிலையானின் வாய் கீழ்நோக்கி மடங்கியிருக்கும், இதன் வாயோ ஊசி போலத் தலைக்கு முன்னே நீண்டிருக்கும். ஆணும் பெண்ணும் இரண்டுமே இரத்தம் குடிக்கும். பகலிலேதான் கடிக்கும், பெரும்பாலும் கால்களிற் கடிக்கும். உங்கள் பசு கொட்டிலில் நின்று ஓயாமற் காலை உதறுவதும் நிலத்தை மிதிப்பதும் இதனாலேயே. கடியின் வேதனையால் மாடு உதறும்போது, வயிறு நிரம்பாத இலையான் எழுந்து அடுத்த மாட்டின்மீது இருந்து மீதியைக் குடிக்கும். அப்பொழுது அதன் வாயில் ஒட்டிய கிருமியும் உடன் செல்லும். ஒரே ஊசியால் இருவருக்கு மருந்து ஏற்றுவது போன்றது இது.

இந்த இலையான் எங்கே பிறக்கின்றது? சாணியும் மூத்திரமும் ஊறி அழுகும் வைக்கோலிலே முட்டையிடுகின்றது. அன்றியும், கடற்கரையோர மக்களாகிய உங்களுக்கு மிக வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கரையில் ஒதுங்கிக் குவிந்து அழுகும் கடற்சாதாளையிலும் இது பெருகும். அமெரிக்காவின் புளொரிடாக் கரையில் இவ்விலையான் பெருகிய காரணத்தை ஆராய்ந்தோர் இதனைக் கண்டனர். சாதாளை தோட்டத்துக்கு நல்ல உரம். அதனை விடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஈரமாக அள்ளிவந்து கொட்டிலின் அருகே குவியலாக விட்டுவைத்தல் கூடாது. வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, நன்கு காய்ந்தபின் பாத்தியில் வெட்டிப் புதைத்துவிடுங்கள். காய்ந்த பொருளில் இலையானின் புழு வாழாது.

எருவுக்கும் இதே விதி. நமது வெப்பத்தில் முட்டை இலையானாக மாற ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். ஆகவே வாரத்துக்கு ஒருமுறை கொட்டிலின் மூலைமுடுக்கு, தொட்டியின் அடி, வேலிக்கரை ஆகிய இடங்களிற் சிந்திக் கிடக்கும் வைக்கோலைச் சுரண்டி அள்ளிவிட்டால், பிறக்கவிருந்த கூட்டம் பிறவாமலே அழியும். அள்ளியதைத் தட்டையாகச் சிதறவிடாமல் உயரமாக இறுக்கி அடுக்கி, மேலே பொலித்தீன் விரிப்பால் மூடுங்கள். உள்ளே எழும் சூட்டில் புழு சாகும். எருவும் நன்கு மக்கும். செலவில்லாத இந்த ஒரு வேலையை மருந்துப் போத்தல்கள் பலவற்றுக்கு மேலாக நான் மதிக்கின்றேன்.

நுளம்பைப் பற்றி நீண்டு பேசவேண்டியதில்லை. அது பெருகுவது எங்கே என்பதை டெங்கு நோய் நமக்குக் கற்பித்துவிட்டது. டெங்கைப் பரப்பும் அதே நுளம்பு தோற்கழலைக் கிருமியைச் சில நாள் தாங்கிநின்று வேறு மாட்டுக்குக் கொடுக்கவல்லது எனச் சோதனையிற் கண்டுள்ளனர். மாட்டுத்தொட்டியை இரண்டொரு நாளுக்கு ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். மாலையில் வேப்பிலைப் புகை இடுவது நம் முன்னோர் வழக்கம், நல்ல வழக்கம். ஆனால் புகை எழும் வரையே அதன் பயன். பகலிற் கடிக்கும் இலையானை மாலைப் புகை தடுக்காது. ஆதலின் புகை இட்டோம், கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

உண்ணி மெல்ல நகர்வது. ஆயினும் மாட்டோடு மாடாக லொறியில் ஏறி நெடுந்தூரம் செல்லும். இரத்தம் குடித்துப் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் புல்லடியிலும் ஆயிரக்கணக்கான முட்டையிடும். காதின் உட்புறம், வாலடி, மடி, தொடையிடுக்கு ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். உண்ணிக்கு மருந்து வேண்டுமாயின் மிருக வைத்தியர் தரும் மருந்தை, அவர் கூறிய அளவில், முதுகில் ஊற்றவோ தெளிக்கவோ செய்யுங்கள். நெல்லுக்கும் கத்தரிக்கும் தெளித்து மிஞ்சிய பூச்சிகொல்லியை மாட்டின்மீது தெளிக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இதனை வன்மையாகக் கண்டிக்கின்றேன். மாடு தன் உடலை நக்கும், நஞ்சு உள்ளே செல்லும், பாலிலும் இறங்கும், அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் குழந்தை.

இவையெல்லாம் பூச்சியைக் குறைக்கும் வழிகள். நோயைத் தடுக்கும் உண்மையான அரண் தடுப்பூசியே. ஐரோப்பாவின் தென்கிழக்கு நாடுகளில் 2015இலும் 2016இலும் இந்நோய் புகுந்தபோது, பெருந்தொகையான மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றியே அதனை அடக்கினர். ஊசி ஏற்றியபின் முழுக் காப்பு வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஆகவே அயலில் நோய் வந்தபின் ஓடுவதிற் பயன் குறைவு. வாடைக் காற்றோடு மழை இறங்கி, காலபோகம் தொடங்கும் காலமே இலையானும் நுளம்பும் பெருகும் காலம். அதற்கு முன்னரே ஊசி ஏற்றப்பட்டிருத்தல் வேண்டும். விதைப்புக் காலத்தில் வயல்களிலிருந்து மாடுகளை ஓட்டிச்சென்று, கட்டுக்கரைக் குளத்தை அண்டிய மேய்ச்சல் நிலங்கள் போன்ற இடங்களிற் பல ஊர் மாடுகளை ஒன்றாக விடுவதும் அக்காலத்திலேதான். ஒரு பட்டியின் உண்ணியும் இலையானும் பத்துப் பட்டிக்குப் பொதுவாகும் இடம் அது. ஊசி ஏற்றாத மாட்டை அங்கே விடுவோர் தமக்கு மட்டுமன்றி அயலவருக்கும் தீங்கு தேடுகின்றனர்.

ஊசி ஏற்றிய சில மாடுகளுக்கு இரண்டொரு நாள் காய்ச்சலும், இலேசான வீக்கமும், சிறிது பாற்குறைவும் காணலாம். அதற்கு அஞ்ச வேண்டாம். நோய்க்குறி உள்ள மாட்டை மட்டும் ஊசிக்குக் கொண்டுவராதீர்கள். ஒவ்வொரு மாட்டுக்கும் புதிய ஊசி பயன்படுத்துமாறு கேட்பது உங்கள் உரிமை, கேட்கக் கூசாதீர்கள்.

நோய் வந்துவிட்டால் என் செய்வது? அந்த மாட்டை உடனே பிரித்துத் தனியே கட்டுங்கள். கூடுமாயின் நுளம்புவலையால் மறையுங்கள். பொதுக் கிணற்றடிக்கும் மேய்ச்சலுக்கும் விடாதீர்கள். அன்றே மிருக வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. ஆயினும் காய்ச்சலைத் தணிக்கவும் புண்ணிற் சீழ் பிடியாமற் காக்கவும் வைத்தியர் மருந்து தருவார். தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவர்கள் பத்து வெற்றிலை, பத்துக் கிராம் மிளகு, பத்துக் கிராம் உப்பு ஆகியவற்றை அரைத்து, வெல்லம் சேர்த்து நாவில் தடவி ஊட்டும் முறையொன்றைப் பரப்பியுள்ளனர். செய்ய விரும்புவோர் செய்யலாம். ஆனால் அதனைத் தடுப்பூசிக்கு மாற்றாக எண்ணுதல் தவறு. புண்ணில் இலையான் மொய்த்தாற் புழு வைக்கும். வேப்பெண்ணெய் தடவி வருவது நன்று. மெல்லிய புல்லும் கஞ்சியும் கொடுத்து, நீரை அருகிலே வையுங்கள். பராமரிப்பே பல மாடுகளைப் பிழைக்க வைத்தது.

உதிர்ந்த பொருக்கில் இக்கிருமி ஒரு மாதத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். நிழலான கொட்டிலில் இன்னும் நெடுநாள் இருக்கும். எனவே பொருக்கைக் கூட்டி எரித்து, நிலத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீராற் கழுவுங்கள்.

பெரியம்மை என்ற பெயரைக் கேட்டு மனிதருக்கும் தொற்றுமோ என்று அஞ்சுவோர் உளர். தொற்றாது. ஆட்டுக்கும் வராது, மன்னார்த் தீவில் அலையும் கழுதைகளுக்கும் வராது. எனினும் கடிக்கும் இலையான் கழுதையின் இரத்தத்தையும் குடித்துப் பெருகும் என்பதை மறவாதீர்கள். எருமைக்கு வரலாம்; இலேசாகவே வரும். நோயுற்ற பசுவின் பாலைப் பொங்கக் காய்ச்சினாற் கிருமி அழியும். ஆயினும் காய்ச்சலுள்ள மாட்டின் பாலையும், மருந்து ஏற்றிய நாட்களின் பாலையும் விற்காதிருத்தலே நேர்மை.

இன்னொன்று சொல்லவேண்டும், சொல்வதற்கு இனியதன்று. கழலை கண்டவுடன், கிடைத்த விலைக்கு மாட்டை வியாபாரியிடம் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் எழும். வறுமையில் எழும் எண்ணம் அது. அதனை நான் இகழவில்லை. ஆனால் இலையான் தானாகப் பறந்து செல்வது பெரும்பாலும் சிறு தூரமே. நோயை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவது அந்த லொறிதான். தொற்றுநோய் கண்ட மாட்டை மறைப்பதும் கடத்துவதும் 1992ஆம் ஆண்டின் 59ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்துக்கு உட்பட்ட விடயங்கள் என்பதையும் அறிந்திருங்கள். வெளியூரிலிருந்து வாங்கிவரும் மாட்டையும் நான்கு வாரம் உங்கள் மாடுகளோடு சேர்க்காமல் வேறாகக் கட்டுங்கள். நோய்க்குறி வெளிப்பட அவ்வளவு காலம் செல்லக்கூடும்.

மாடு இறந்துபோனால் கடலிலோ பற்றையிலோ எறியாதீர்கள், தோலையும் உரிக்காதீர்கள். தீவில் நன்னீர் மணலின் மேற்படையிலேயே நிற்கின்றது. ஆகையாற் கிணறுகளுக்கு எட்ட, மேடான இடத்தை மிருக வைத்தியரிடமும் கிராம அலுவலரிடமும் கேட்டுத் தெரிந்து, ஆழக் குழிவெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். குழியின்மேல் மண்ணை உயர்த்தி, நாய் தோண்டாதபடி முள்ளிட்டு விடுங்கள்.